கூத்துக்காரர் கதிரையில் இருந்து பாடினால் – கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள். கல்லடி விபுலானந்தா நிறுவகத்தில் சங்கீதம் படித்துவிட்டு இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு கிழமையாக ஒரு விஷயம் மனதுக்குள் கிடந்து குடைகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் சடங்கில் ஒருநாள் இரவு ‘கூத்துப் பாட்டுக் கச்சேரி’ என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். பாட வந்தவர் ஒரு காலத்தில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டிலும் பெயர்பெற்ற கூத்துக்காரர். இப்போது எழுபது தாண்டிவிட்டது, முழங்காலும் சரியில்லை. உடுப்பு இல்லை, சதங்கை இல்லை. வெள்ளை வேட்டியும் சால்வையுமாகக் கதிரையில் இருந்து பாடினார். பக்கத்தில் மத்தளம், சல்லரி என்கிற கைத்தாளம், யாரோ கொண்டுவந்த ஆர்மோனியம்.

முதல் பாட்டு நன்றாகவே இருந்தது. மூன்றாவது பாட்டில் சுருதி கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. மேல்ஸ்தாயியில் பாதிச் சொற்கள் காணாமல் போயின. மோகனம் போலத் தொடங்கிய ஒரு விருத்தம் எங்கோ போய் முடிந்தது. ஆனால் சனத்தைப் பார்க்க வேண்டுமே! மாலைக்கு மேல் மாலை. வயதான ஒருவர் மேடையில் ஏறி அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு அக்கா சுவிஸில் இருக்கும் தம்பிக்கு வீடியோ கோல் எடுத்து, போனை உயர்த்திப் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் நின்றார். என் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இசை நிகழ்ச்சியில் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்காத என் அம்மா இரவு ஒரு மணி வரை அசையாமல் இருந்தார். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

வரும் வழியில் சுருதி விலகியதைச் சொன்னேன். “உனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டிருக்கு புள்ள” என்றார் அம்மா. அதற்குப் பிறகு வீடு வரும்வரை கதைக்கவில்லை.

என் கேள்வி இதுதான். அன்றைக்கு நடந்தது இசை ரசனையா, அல்லது ஆள்மேல் வைத்த அபிமானமா? ஆட்டத்தையும் உடுப்பையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கச்சேரியாகுமா? என் மாணவி அப்படிப் பாடியிருந்தால் நான் புள்ளி குறைத்திருப்பேன். அதை நினைக்கவும் ஒருமாதிரி இருக்கிறது.

ர.

*

அன்பின் ர.,

முதலில் சுருதி. உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம். இறங்கியது என்று உங்களுக்குக் கேட்டால் இறங்கித்தான் இருக்கும். ‘கிராமியக் கலைதானே, அப்படித்தான் இருக்கும்’ என்று தட்டிக்கொடுத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கும்பிடுவதுபோலக் காட்டிக் கலைஞரைக் கீழே இருத்துகிற பேச்சு அது. ஆனால் ஏன் இறங்கியது, அதுவும் ஏன் சரியாக மூன்றாவது பாட்டில் இறங்கியது என்று யோசித்தீர்களா?

கூத்தாடுகிற களரியில் அவர் எப்படிப் பாடியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். வட்டக் களரி, நாலு பக்கமும் சனம். நடுவில் மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார், சல்லரிக்காரர், கொப்பியைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்கிற ஏட்டண்ணாவியார், பிற்பாட்டுக்காரர். கூத்தர் தரு என்கிற கூத்துப் பாட்டின் ஓர் அடியைப் பாடுவார். பாடி முடிக்கும்போதே பிற்பாட்டுக்காரர் அந்த அடியை ஏந்திவிடுவார்கள். அவர்கள் படிக்கும் நேரம் முழுக்க இவர் ஆடுவார். ஆடுகிற உடம்பு களைக்கும்தான், ஆனால் தொண்டைக்கு அது ஓய்வு. அதாவது பாட்டில் பாதி அவருடைய தொண்டையில் இருந்ததே இல்லை. இளமைக்காலம் முழுக்க அப்படிப் பாடிய மனிதரை எழுபது வயதில் கதிரையில் இருத்தி, பிற்பாட்டுக்கு ஒருவரையும் வைக்காமல், முழுப் பாட்டையும் நீரே படியும் என்று விட்டால் மூன்றாவது பாட்டில் தொண்டை களைக்காமல் என்ன செய்யும்? நான் ஆச்சரியப்படுவது இரண்டாவது பாட்டு எப்படித் தப்பியது என்றுதான்.

அடுத்தது அந்த ஆர்மோனியம். நம் கூத்துக்கு மத்தளமும் சல்லரியும்தான். சுருதிக்கென்று ஒரு பெட்டி களரியில் இருந்ததில்லை. இராமுழுக்க ஆடுகிற கூத்தில் சாமம் கழியக் கழியக் குரல் தன்பாட்டில் இடம் மாறும். போருக்கு வருகிற வீமன் எடுக்கும் உயரத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த சுபத்திரை அழுது பாடமாட்டாள். கூத்தர் விட்ட இடத்தில் பிற்பாட்டுக்காரர் பிடிப்பார்கள், அவர்கள் விட்ட இடத்தில் கூத்தர் பிடிப்பார். அவர்கள் ஒருவருக்கொருவர்தான் சுருதி. அன்றைக்கு யாரோ நல்ல எண்ணத்தில் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து ஒரு கட்டையை அமத்திப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வயல்வரம்பில் நடந்து பழகிய ஆளைக் கயிற்றில் நடக்கவிட்ட மாதிரி.

மோகனம் எங்கோ போய் முடிந்ததைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கூத்தில் தென்மோடி, வடமோடி என்று இரண்டு வகை. தென்மோடியில் பாட்டை இழுத்துப் பாடுவது கூடுதல், வடமோடியில் ஆட்டத்தின் வேகம் கூடுதல். இரண்டிலும் மெட்டு என்பது சொல்லை ஏற்றிக்கொண்டு போகிற வண்டில்தான். வண்டில் பாதை மாறியதென்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள், சாமான் வந்து சேர்ந்ததா என்று உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சரி, ரசனையா அபிமானமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

மேடை நாடகத்தில் பாடிப் பெயரெடுத்தவர்கள் கச்சேரிக்கு வந்த கதைகளில் மிகப் பெரியது நம் தீவில் தொடங்கிய ஒன்று. 1926இல் கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்தார்கள். கொடுமுடிப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது, செங்கோட்டைக்காரருக்கு இருபது. அடுத்த வருடம் கல்யாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயதுதான். சுந்தராம்பாள் அதற்குப் பிறகு வெள்ளைச் சேலைதான் கட்டினார். ஆண் நடிகரோடு சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று நின்றுவிட்டார். படத்துக்குக் கேட்டு வந்தபோதும், 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்தில்தான் வந்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்றைக்கு ஊரெல்லாம் கதை. மற்றபடி சனம் அவரைத் தேடிப் போனது கச்சேரிகளுக்கு.

வள்ளி திருமண நாடகத்தில் அவர்கள் வள்ளியும் வேலனுமாக மாறி மாறிப் பாடியதைக் கேட்டவர்கள், ஒற்றைக் குரலாக அவர் மேடையில் இருந்தபோது எத்தனை குரல் கேட்டிருப்பார்கள்? எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நாடக மேடைக்காரரின் கச்சேரியில் எப்போதும் ஒரு காலியிடம் இருக்கிறது. எதிரில் நின்று பதில் பாடியவரின் இடம். சங்கீத மேடையில் வளர்ந்தவருக்கு அந்த இடம் கிடையாது. அவர் தொடக்கத்திலிருந்தே தனி ஆள்.

சுந்தராம்பாளுக்கு வேறு வசதிகள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இசைநாடகத்தில் ஆர்மோனியம் மேடையோடு ஒட்டியே இருக்கும். சின்ன வயதிலிருந்து அதோடு பாடியவர், அதனால் கச்சேரி மேடை அவருக்கு அந்நியமில்லை. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உயர்ந்த சுருதியில் கட்டிய குரல் அது. 1965இல் திருவிளையாடல் படத்தில் ஒளவையாராக வந்தபோது ஐம்பத்தாறு வயது. அந்தப் பாட்டுகளைப் போட்டுக் கேளுங்கள். நெளிவுசுளிவு அதிகமில்லை. ஆனால் ஒரு சொல்லாவது உடைகிறதா பாருங்கள். இலங்கை வானொலியில் அவர் குரல் வந்தால் என் அம்மா அம்மியை நிறுத்திவிடுவார். அவரை மேடையில் ஒருநாளும் கண்டதில்லை அம்மா.

கிட்டப்பாவை எடுத்தால் இன்னும் விசித்திரம். தியாகராஜரின் ‘எவரனி’யை அவர் பாடிய இசைத்தட்டு இன்றைக்கும் சுற்றுகிறது. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான். அவர் நாடகத்தைப் பார்த்த ஒருவரும் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்த மூன்று நிமிடத்தை வைத்துக்கொண்டு அவருக்கு இன்னமும் ரசிகர்கள். நானும் ஒருவன். ஆகவே ஆளைக் காணாமல், வேடத்தைக் காணாமல், குரலுக்கு மட்டும் அபிமானம் வரும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். நீங்கள் இசை ரசனை என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மாவுடையது இது இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற ஆள் அபிமானமும் இல்லை. இதை விளக்க ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரையில் என் அப்புச்சியின் ஊரில் ஒருவர் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுவரை தெரியாது. ஊருக்கு அவர் ‘அபிமன்னன்’. இளந்தாரி வயதில் ஒருமுறை கூத்தில் அபிமன்னனாக, அதாவது அபிமன்யுவாக, ஆடினார், அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. “அபிமன்னன் இன்னும் எருமையக் கொண்டு வரல்லையே” என்று பெத்தா வாசலில் நின்று சொல்வது சாதாரணமான பேச்சு. அவர் மனைவியைக்கூட அபிமன்னன் பெண்சாதி என்றுதான் சொல்வார்கள். சக்கரவியூகத்தில் பதினாறு வயதில் செத்துப்போன பிள்ளை, எங்கள் ஊரில் நரைத்த மீசையோடு வெற்றிலை சப்பிக்கொண்டு மாடு சாய்த்துக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் அப்புச்சியின் மடியில் பாயில் படுத்தபடி அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். பாதி நித்திரை. சதங்கைச் சத்தமும், கரப்புடுப்பில் பட்டுத் தெறித்த லைட் வெளிச்சமும்தான் நினைவில். பாட்டு நினைவில் இல்லை.

பிறகு 1990 வந்தது, கிழக்கில் போர் மறுபடி மூண்டது. அதற்குப் பின்னான வருடங்களில் இரவில் வெளியே தலைகாட்ட முடியாது. விடியவிடிய ஆடுகிற கலைக்கு இரவு இல்லாமல் போனால் என்ன செய்வது? அப்படியான ஒரு வருடத்தில், குருக்கள்மடத்துத் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர்க் கோயிலில் பகல் பூசை முடிந்து மண்டபத்தில் சனம் இருந்தது. பொங்கலுக்குப் பானை இறக்கி வைத்திருந்தார்கள். யாரோ சொல்ல, அண்ணாவியார் வீட்டிலிருந்து மத்தளம் வந்தது. அபிமன்னன் தூணில் சாய்ந்து இருந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். “ஒண்ணா, ஏலாது” என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். அப்புறம், போருக்குப் போக விடைகேட்கிற தருவின் முதல் அடியைப் படித்தார்.

படித்துவிட்டு நிறுத்தினார். பழக்கம் அது. பிற்பாட்டு வரவேண்டிய இடம்.

வரவில்லை. பிற்பாட்டுக்காரரில் ஒருவர் செத்துவிட்டார், ஒருவர் கடல் கடந்து போய்விட்டார். மற்றவரைப் பற்றி அந்த ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. மத்தளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கணம் இருக்கும், அவ்வளவுதான், ஆனால் மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. அப்போது பானைப் பக்கம் அகப்பையோடு இருந்த ஒரு கிழவி அந்த அடியை எடுத்தார். நடுங்கல் குரல்தான். ஆனால் ஒரு எழுத்துப் பிசகவில்லை. இன்னொரு பெண் சேர்ந்தார். பிறகு மண்டபம் முழுக்கப் படித்தது. தூணில் சாய்ந்திருந்தவருடைய குதிக்கால் நிலத்தில் தாளம் மிதிக்கத் தொடங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அன்றைக்குப் புரியாத ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கூத்து ஆண்கள் மட்டும் ஆடுகிற கலை. பெண் வேடத்தையும் ஆண்தான் கட்டுவார். களரியில் ஏறாத பெண்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் எப்படி மனப்பாடம்? மாமியிடம் கேட்டேன். சிரித்தார். “கூத்து ஒரு இரவுதான் மனே. பழகுறது எத்தனை மாசம்?” என்றார். சட்டம் கொடுத்த, அதாவது அவரவர் பகுதியைப் பிரித்துக் கொடுத்த, நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்காக இரவிரவாக அண்ணாவியார் பழக்குவார். ஆடுகிறவன் பிழைவிடுவான், அண்ணாவியார் ஏசுவார், அதே அடியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார். வேலிக்கு இந்தப் பக்கம் நெல் அவித்துக்கொண்டும் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டும் இருக்கிற பெண்களுக்கு எல்லாம் காதில் விழும். ஆடினவன் மறந்தாலும் அவர்கள் மறப்பதில்லை.

உங்கள் அம்மாவின் முணுமுணுப்பை நான் இதோடு சேர்த்துத்தான் வாசித்தேன். அது சினிமாப் பாட்டுக்கு வாயசைப்பது போன்றது அல்ல. அந்தக் கூத்துக்காரர் பாடிவிட்டு நிறுத்திய இடங்களில்தானே அம்மாவின் வாய் அசைந்தது? கவனித்தீர்களா? நான் அங்கே இருக்கவில்லை, ஆனால் பந்தயம் கட்டுவேன். வராத பிற்பாட்டுக்காரர்களுடைய வேலையை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளராக அங்கே இருந்தவர் நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது.

நீங்கள் இளவயது, யூடியூப் பார்ப்பீர்கள். லண்டனில் இருக்கும் என் மருமகள் ஒருமுறை எனக்கு ஒரு வீடியோ காட்டினாள். லியா சலோங்கா என்று ஒரு பிலிப்பைன்ஸ் பாடகி. 1989இல் லண்டன் இசைநாடக மேடையில் மிஸ் சைகோன் நாடகத்தின் நாயகியாக வந்து பெரும் பெயர் எடுத்தவர். அலாதீன் கார்ட்டூன் படத்தில் இளவரசிக்குப் பாடிய குரலும் அவருடையதுதான். இப்போது ஊர் ஊராகக் கச்சேரி செய்கிறார். அந்தப் படத்தின் காதல் பாட்டு வரும்போது, இளவரசனுடைய பகுதியைப் பாட ரசிகர்களில் ஒருவரை மேடைக்குக் கூப்பிடுகிறார். வந்தவர் கைகால் நடுங்க நிற்கிறார், ஆனால் பாட்டு முழுக்கத் தெரிகிறது. அங்கே அதைக் கூப்பிட்டுச் செய்கிறார்கள், நம் ஊரில் கூப்பிடாமலே நடக்கிறது. மருமகள் கண் கலங்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அகப்பையோடு இருந்த கிழவி நினைவுக்கு வந்தார். சொன்னால் அவளுக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்தைக் கழற்றினால் மிஞ்சுவது கச்சேரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் பேராதனையில் மேடையேற்றியபோது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பழக்கியும்கூட, விடியவிடிய ஆடுவதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குள் அடைத்தால் அது கூத்தா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நாலு பக்கமும் இருந்த சனம் ஒரு பக்கத்துக்குப் போய்விட்டது, இருட்டில் வாய்மூடி இருந்து பார்த்தது. அந்த இழப்பு உண்மை. ஆனால் அந்த மேடையில்லாவிட்டால் நம் ஊருக்கு வெளியே நம் கூத்தின் பெயர் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதும் உண்மை. ஆகவே கழற்றுவது பாவமென்று நான் சொல்லமாட்டேன். எதைக் கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்ற வேண்டும். உடுப்பைக் கழற்றலாம், சதங்கையைக் கழற்றலாம். அன்றைக்கு உங்கள் ஊரில் பிற்பாட்டையும் கழற்றிவிட்டார்கள். அதுதான் பிழை.

நீங்கள் விபுலானந்தரின் பெயர் கொண்ட இடத்தில் படித்தவர், அதனால் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். காரைதீவுக்காரரான அவர் 1947இல் வெளியிட்ட யாழ் நூல், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் 25 அடிகளுக்கு எழுதிய விரிவுரையாகத்தான் தொடங்குகிறது. அந்த அடிகள் எங்கே வருகின்றன? மாதவி ஆடப்போகிற அரங்கில். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமைக்காரன், குழலாசிரியன் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் யாழாசிரியனும் வருகிறான். சுரங்களையும் பாலைகளையும் கணக்குப் போட்டுத் தேடிய அந்தப் பெரிய நூலுக்கு விதை ஒரு ஆட்டக்காரியின் அரங்கேற்றத்தில் கிடந்தது. நாம் அதைச் சங்கீத நூல் என்று அலமாரியில் தனியாக அடுக்கிவிட்டோம்.

புள்ளி குறைப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். குறையுங்கள். உங்கள் மாணவி சுருதிப் பெட்டியோடு படித்து, சுருதிப் பெட்டியோடு பாடுகிறவள். அவளுக்கு அந்த அளவுகோல் சரி. அவரையும் அதே கோலால் அளந்துவிட்டேனே என்று குற்ற உணர்ச்சிப்படவும் வேண்டாம். கையில் கோல் இருக்கிறவர்களால் அளக்காமல் சும்மா இருக்க முடியாது, எனக்கும் அந்த வியாதி உண்டு.

ஆனால் அந்தக் காதை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று இருக்கிறது. அடுத்த வருடமும் அவரைக் கூப்பிடுவார்கள். கோயில் நிர்வாகத்தில் உங்களுக்குத் தெரிந்த மாமா சித்தப்பா யாராவது இருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள், முதலில் இரண்டு பிற்பாட்டுக்காரரைப் பிடிக்கச் சொல்லி. கிடைக்காவிட்டால் உங்கள் மாணவிகளில் இரண்டு பேரைப் பழக்குங்கள், அவரிடமே அனுப்பி. ஆர்மோனியம் வேண்டாம். அவர் முதல் விருத்தம் எடுக்கிற இடம்தான் அன்றைய சுருதி. இல்லை, இருக்கத்தான் வேண்டுமென்றால், அவர் எடுத்த இடத்துக்கு ஆர்மோனியக்காரர் வரட்டும்.

பிறகு அந்த எக்கோ! நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டாயம் இருந்திருக்கும். சவுண்ட்காரர்கள் ஏன்தான் அந்தப் பித்தானைக் கண்டால் விடமாட்டேன் என்கிறார்களோ தெரியவில்லை. திறந்த வெளியில் எறிந்து பாடிப் பழகிய குரலை வாயோடு மைக்கை ஒட்டிவைத்து, எக்கோவும் போட்டால் சொல் எல்லாம் கஞ்சியாகிவிடும். மேல்ஸ்தாயியில் பாதிச் சொற்கள் காணாமல் போயின என்று எழுதியிருந்தீர்களே, அதில் எவ்வளவு அவர் தொண்டையில் போனது, எவ்வளவு மிக்ஸரில் போனது என்று எனக்குச் சந்தேகம். மைக்கை ஒன்றரை அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எக்கோவை முழுதாக அடைக்கச் சொல்லுங்கள். சவுண்ட்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் இப்படியான ஒருவரை மாலை ஆறு மணிக்கே வரச்சொல்லி, சினிமாப் பாட்டுக் குழு முடிந்து சனம் கலைந்த பிறகு, பதினொன்றரைக்கு மேடையேற்றி, பொன்னாடை போட்டு இரண்டு பாட்டோடு இறக்கினார்கள். அந்த மனிதர் இரவுச் சாப்பாடும் சாப்பிடவில்லை. உங்கள் ஊர் ஒரு மணி வரை கேட்டிருக்கிறது என்பதை வாசித்தபோது சந்தோஷமாக இருந்தது.

அவருடைய பாட்டுகளை எழுதி வையுங்கள் என்று சொல்லமாட்டேன், ஏடும் கொப்பியும் இருக்கும். கொப்பியில் இல்லாதது அம்மாவிடம் இருக்கிறது. எந்த இடத்தில் ஏந்துவது, எவ்வளவு இழுப்பது, எங்கே விடுவது. இப்போது கோபமாக இருப்பார். இரண்டு நாள் போகட்டும். பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, சுருதியைப் பற்றி ஒன்றும் கதைக்காமல், அன்றைக்கு முணுமுணுத்த பாட்டில் ஒரு அடியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். போனில் பதியுங்கள். அதில் அபிமன்னன் விடைகேட்கிற தரு இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். இரண்டாவது அடி எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது, கேட்க இப்போது அந்த ஊரில் ஆளில்லை.

அன்புடன்.